வெயிலுக்கு முன், வெயிலுக்குப் பின்

காலை ஆறரை மணி. ஹௌராவிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த ரயில் பூரி நிலையத்தில் வந்து நிற்கிறது. இதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. தொப்பி, தண்ணீர் பாட்டில், ரப்பர் மிதவை, பாட்டி, பேரன் என்று குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். ஆட்டோ பிடிக்கும்போதே ஒரே கவலை, ஹோட்டல் அறையிலிருந்து கடல் தெரியுமா என்பதுதான். அடுத்த அரை மணி நேரத்தில் பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு மணலை நோக்கி ஓடுகிறார்கள். எதிரே, ஈரத் துணியும் தோளில் சிவப்புத் துண்டுமாகச் சிலர் கடலிலிருந்து நிதானமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்கள். விருந்தாளிக்குக் கடல் ஆரம்பமாகும் நேரத்தில் பூரிக்காரருக்கு அன்றைய கடல் பாதி முடிந்துவிட்டது. மீதியை அவர் மாலைக்கு வைத்திருக்கிறார்.

ஒடிசாவின் இந்தக் கடற்கரை ஊருக்கு ரயில் வந்தது 1897இல். அதற்கு முன்பு ஜெகந்நாதரைப் பார்க்க நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்தார்கள். ரயில் வந்த பிறகு பக்தர்களோடு காற்று வாங்குபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கத்துக்குப் பூரி ஒரு பழக்கம். கல்யாணம் ஆனால் பூரி, உடம்பு தேற வேண்டுமென்றால் பூரி, துர்கா பூஜை விடுமுறைக்குப் பூரி. 2023 மே மாதம் ஹௌராவுக்கும் பூரிக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியதும் இரவுப் பயணம் கூட அவசியமில்லாமல் போய்விட்டது.

கடற்கரைச் சாலையில் இருப்பது இவர்களுக்கான பூரி. அங்கே பெயர்ப் பலகைகள் வங்காளியில் பேசுகின்றன. சாப்பாட்டுக் கடைகளில் வங்காளி மீன் குழம்பு மணக்கிறது. சங்கு, முத்து மாலை, ஒட்டக சவாரி எல்லாம் உண்டு. ஊர்க்காரர்களின் பூரி சற்று உள்ளே, கோயிலைச் சுற்றியுள்ள ‘சாஹி’களில் இருக்கிறது. சாஹி என்றால் நம் ஊர் அக்ரகாரம், தெரு, பேட்டை எல்லாம் கலந்த ஒன்று. ஹரசண்டி சாஹி, தோளமண்டப சாஹி, பாலி சாஹி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி அம்மன், தனி கௌரவம். அங்கிருந்து கடல் அதிக தூரமில்லை. ஆனால் எந்த வீடும் கடலைப் பார்த்துக் கட்டப்படவில்லை. பூரிக்காரர் கடலைப் ‘பார்க்க’ப் போவதில்லை. குளிக்கவும், பிதுர்களுக்குத் தண்ணீர் விடவும், மீன் வாங்கவும், காற்று வாங்கவும், கடைசியில் எரியூட்டப்படவும் போகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைத் தெரிந்துகொள்வதுதான் பூரியை அனுபவிக்கும் வித்தை.

முதல் பாடம் தண்ணீரில். வங்காள விரிகுடா இங்கே குளம் போல் இருப்பதில்லை. அலைகள் கரைக்கு மிக அருகில் வந்து உடைகின்றன. வந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது மணல் மேட்டின் இடைவெளிகளில் வாய்க்கால் போலச் சேர்ந்து வேகமாகக் கடலுக்குள் பாய்கிறது. அந்த இடத்தில் அலை உடையாது. மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும். ‘இங்கே அலை குறைவு’ என்று புதியவர் அதைத்தான் தேடிப் பிடித்து இறங்குகிறார். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடுவது வீண். கரைக்கு இணையாக நீந்தி அந்த இழுப்பைத் தாண்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களையும் பூரிக் கடல் கொண்டுபோவதற்குக் காரணம், இந்தச் சின்ன விஷயம் தெரியாததுதான்.

இதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருப்பவர்கள் நோலியாக்கள். பூரியின் மீனவர்கள். பேசுவது தெலுங்கு. ஆந்திரக் கடலோரத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே குடியிருப்பவர்கள். அவர்களில் சிலர் கூம்பு வடிவ வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு, குளிக்க வருபவர்களின் கையைப் பிடித்து அலைக்குள் கூட்டிப் போவதைத் தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். தொப்பியில் ஒரு எண் எழுதியிருக்கும். பழைய குடும்ப ஆல்பங்களில், கறுப்பு வெள்ளைப் படங்களில், சிரிக்கும் மாமிக்கும் பயந்த பையனுக்கும் நடுவே அந்தத் தொப்பியும் நிற்கும். இப்போது அரசு நியமித்த உயிர்காப்பாளர்களும் விசில் ஊதுகிறார்கள். ஆனாலும் கரையில் நிற்கும் நோலியா ‘இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போங்கள்’ என்று சொன்னால் உள்ளூர்க்காரர் மறுபேச்சு பேசாமல் நகர்ந்துவிடுவார். முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து நாலு அலையைத் தலையில் வாங்கிக்கொண்டு எழுந்து வருவார். அவருக்கு அதுதான் கடல் குளியல். வாதாடுவதும் மார்பளவுக்குப் போவதும் வெளியூர்க்காரர் செய்கிற வேலை.

நோலியாக்களின் வீடுகள் கடற்கரையின் வடகிழக்கு முனையில், பெண்டகோட்டாவில் இருக்கின்றன. காலையில் உல்லாசப் பயணிகள் குளித்துக்கொண்டிருக்கும்போது இங்கே படகுகள் கரையேறுகின்றன. அந்தக் காலத்துக் கட்டுமரங்களும் கயிற்றால் தைத்த பலகைப் படகுகளும் போய், மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. மாறாதது மணலில் நடக்கும் ஏலம். ஆண்கள் வலையிலிருந்து மீனை உதறுகிறார்கள். விலை பேசுவது பெண்கள். வவ்வால், வஞ்சிரம், இறால், நண்டு. கிடைக்கிற காலத்தில் ஹில்சா, அதாவது நம் உள்ளம் மீன். அது பெரும்பாலும் வங்காளி சமையலறைகளுக்கே போய்ச் சேரும். பூரிக்காரரின் பையில் சிலிகா ஏரியின் மடவை மீனும் இறாலும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவின் மிகப் பெரிய உவர் நீர் ஏரி பக்கத்திலேயே இருக்கும்போது அவருக்கு என்ன குறை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாட்களில் கடற்கரை ஹோட்டலில் ‘இன்று பிடித்த மீன்’ என்று சொன்னால் எந்த இன்று என்று கேட்பது நல்லது.

எட்டு மணிக்கு ஊர் பசியாறுகிறது. அவலை நெய், துருவிய தேங்காய், சர்க்கரை சேர்த்து அழுத்திப் பிசைந்த ‘சுடா கசா’வைத் தொன்னையில் வாங்கித் தெருவோரத்தில் நின்று சாப்பிடுகிறார்கள். இல்லாவிட்டால் உளுந்து வடையும் பட்டாணிக் குழம்பும். ஹோட்டலில் தங்கியிருப்பவர் அறைக்கு வரவழைத்த டோஸ்ட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கோனார்க் போகப் பேருந்தில் ஏறுகிறார். அங்கே போய்ச் சேரும்போது கல் கொதிக்கத் தொடங்கியிருக்கும்.

பதினொரு மணிக்கு மேல் பூரியின் வெயில் வேடிக்கையில்லை. மணல் காலைச் சுடுகிறது. அந்த நேரத்தில் கடற்கரையில் இருப்பவர்கள் மூன்றே வகை: ஊருக்குப் புதியவர்கள், அவர்களிடம் இளநீர் விற்பவர்கள், நாய்கள். உள்ளூர்க்காரர் வீட்டில் ‘பகாளா’ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, லேசாகப் புளித்ததும் தயிர் கலந்து, பொரித்த வடகம், கீரை, முடிந்தால் வறுத்த மீனோடு சாப்பிடுவது. நம் பழையதுதான். ஒரே வித்தியாசம், நாம் அதை ஏழைச் சாப்பாடு என்று கொஞ்ச காலம் மறைத்து வைத்தோம். ஒடியர்கள் மறைக்கவில்லை. ஜெகந்நாதருக்கே பகாளா படைக்கிறார்கள். மார்ச் 20ஆம் தேதியைப் பகாளா தினம் என்று கொண்டாடுகிறார்கள். பகாளாவுக்குப் பிறகு தூக்கம். இரண்டு மணிக்குக் கோயில் பக்கத்துச் சந்துகளில் நடந்தால் காற்றாடி சுற்றும் சத்தம்தான் கேட்கும். கடை பாதி சாத்தியிருக்கும். முதலாளி உள்ளே பாயில் இருப்பார். கோபித்துக்கொண்டு பயனில்லை. பாயைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

தாகத்துக்கும் ஊர்க்காரர் பாட்டில் வாங்குவதில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், 24 மணி நேரமும் வரும் என்று 2021 ஜூலையில் மாநில அரசு பூரியில் திட்டம் தொடங்கியது. இந்திய நகரங்களில் இப்படி அறிவித்துக்கொண்ட முதல் ஊர் இது. பொது இடங்களில் குடிநீர்க் குழாய்களும் வைத்தார்கள். ஆனால் பயணிகளின் பழக்கம் சுலபத்தில் போவதில்லை. மணலில் ஒதுங்கும் பிளாஸ்டிக் பாட்டில்களே சாட்சி.

மாலை நான்கு மணிக்கு ஊர் மறுபடி விழிக்கிறது. சாஹிதோறும் ஒரு ‘ஜாகா’ உண்டு. பழைய காலத்து உடற்பயிற்சிக் கூடம். எண்ணெய் தேய்த்துக்கொள்வது, தண்டால் எடுப்பது, மல்யுத்தம், பிறகு பாங்கு அரைத்துக் குடிப்பது, பாட்டு, அரட்டை. அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் ஒடிசாவில் உண்டு. ஆகவே ஒளிவு மறைவு இல்லை. ராமநவமியையொட்டி நடக்கும் சாஹி யாத்திரையில் இந்தக் கூடங்களின் பெருமை தெருவுக்கு வரும். ராமாயணக் காட்சிகளோடு ஊர்வலம் போகும்போது எந்தச் சாஹியின் வேஷம் அசத்தியது என்பது அடுத்த வருஷம் வரை பேசப்படும். அந்த வாரத்தில் பூரிக்கு வரும் சுற்றுலாப் பயணி குறைவு. கடற்கரை விளம்பரங்களில் அது இடம்பெறுவதில்லை.

சூரியன் சாய்வதற்குள் ஒரு காட்சி. கோயில் விமானம் 214 அடி உயரம். தினமும் மாலையில் பரம்பரைச் சேவகர்கள் அதன் மேல் ஏறிப் பழைய கொடிகளை இறக்கிப் புதியவற்றைக் கட்டுகிறார்கள். கயிறு கிடையாது, சாரம் கிடையாது. கோயிலுக்கு முதுகும் ஊருக்கு முகமுமாக ஏறுகிறார்கள். மழை, காற்று, திருவிழா எதற்கும் அதற்கு விடுமுறை இல்லை. கீழே நின்று வாய் பிளந்து பார்ப்பவர் வெளியூர். உள்ளூர்க்காரர் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்துக் கும்பிடு போடுகிறார். அந்தக் கோபுரம் கடலில் இருப்பவர்களுக்கும் அடையாளம். ஐரோப்பிய மாலுமிகள் இதை வெள்ளைப் பகோடா என்றும் கோனார்க்கைக் கறுப்புப் பகோடா என்றும் குறித்து வைத்துக் கரையைக் கண்டுபிடித்தார்கள். ஊருக்குக் கடல் தெரியாமல் இருக்கலாம். கடலுக்கு ஊர் தெரிந்தே இருந்தது.

வெயில் இறங்கியதும்தான் பூரிக்காரர் தன் மீதிக் கடலை எடுத்துக்கொள்ள வருகிறார். மனைவி, குழந்தை, மாமியார், கையில் மசாலாப் பொரிப் பொட்டலம். தண்ணீரில் இறங்குவதில்லை. மணலில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து கடலைப் பற்றித் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார்கள். தென்றல் அடிக்கிறது. உலகப் புகழ் பெற்ற சுதர்சன் பட்நாயக் மணல் சிற்பம் செய்யக் கற்றுக்கொண்டது இந்தக் கரையில்தான். 2014இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றும் யாராவது ஓர் இளைஞன் மணலைக் குவித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பான். விடிவதற்குள் கரையப்போகும் வேலை என்பது அவனுக்கும் தெரியும்.

கடற்கரையின் மிகவும் நெரிசலான இடத்துக்குப் பெயர் சுவர்க்கத்துவாரம். கடைகளும் ஹோட்டல்களும் நெருக்கியடித்து நிற்கும் அந்த இடத்தில்தான் மயானமும் இருக்கிறது. ஒடிசாவின் பல மாவட்டங்களிலிருந்து உடல்களை இங்கே எடுத்து வருகிறார்கள். இங்கே எரிந்தால் சொர்க்கம் என்பது நம்பிக்கை. ஒரு பக்கம் சிதைகள் எரிய, சாலையின் மறுபக்கம் காஜா இனிப்பு பொரிகிறது. முதல் முறை வரும் குடும்பம் குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறது. உள்ளூர்க் குழந்தைகளின் கண்ணை யாரும் பொத்துவதில்லை. தாத்தா போன வழி, ஒருநாள் தானும் போகும் வழி என்று அது தெரிந்தே வளர்கிறது. வேறெந்த உல்லாசக் கடற்கரையும் தன் மயானத்தை இப்படி நடுக்கூடத்தில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. பூரிக்காரரின் அவசரமின்மைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாப்பாட்டிலும் இந்த ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. கோயில் மடப்பள்ளியில் விறகடுப்பில், மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கிறார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. ஜெகந்நாதருக்குப் படைத்து, பிறகு விமலா தேவிக்குப் படைத்ததும் அது மகாபிரசாதம். கோயில் வளாகத்தின் ஆனந்த பஜாரில் பானையோடு விலைக்குக் கிடைக்கும். வாங்கிய இடத்திலேயே தரையில் உட்கார்ந்து இலையில் கொட்டிச் சாப்பிடுவார்கள். சாதி பார்க்கக் கூடாது. எச்சில் என்று சொல்லக் கூடாது. யார் தந்தாலும் மறுக்கக் கூடாது. நாட்டின் பல பகுதிகளில் பந்தியே பிரிந்து கிடந்த காலத்திலும் இங்கே இந்த வழக்கம் இருந்தது. வீட்டில் திடீரென்று பத்து விருந்தாளி வந்தால் பூரியின் இல்லத்தரசி பதறுவதில்லை. ஆனந்த பஜாருக்கு ஆள் அனுப்புகிறார். அந்தச் சாதத்தை வெயிலில் உலர்த்தி ‘நிர்மால்யம்’ என்று வீட்டில் ஒரு சின்னப் பையில் வைத்திருப்பார்கள். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் இடுவதற்கு.

வருஷத்துக்கும் இதேபோல ஒரு கடிகாரம். அட்சய திருதியையில் சந்தன யாத்திரை தொடங்கும். 21 நாட்கள் நரேந்திர குளத்தில் உற்சவ மூர்த்திகள் விளக்கு வைத்த படகில் மாலைக் காற்று வாங்குவார்கள். உச்சிவெயில் காலத்தில் கடவுளே மதியம் வெளியே வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனியில் நீராட்டு. அளவுக்கு மீறிக் குளித்ததால் காய்ச்சல் என்று மூலவர்கள் பதினைந்து நாள் தரிசனம் தர மாட்டார்கள். பிறகு தேர். ஆண்டுதோறும் புதிதாகச் செய்யும் மூன்று தேர்கள் பெரிய தெருவில் மூன்று கிலோமீட்டர் போய் ஒன்பதாம் நாள் திரும்பும். மனைவியை விட்டுவிட்டுப் போனதற்காக லட்சுமி கதவைச் சாத்திவிட, ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் செய்துதான் ஜெகந்நாதர் உள்ளே நுழைவார். ரசகுல்லா யாருடையது என்ற சண்டையில் வங்காளம் 2017இலும் ஒடிசா 2019இலும் தத்தம் ரகத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கின. பூரி மிட்டாய்க் கடைகள் மட்டும் எப்போதும்போல இரு தரப்புக்கும் விற்றுக்கொண்டிருக்கின்றன.

கார்த்திகை மாதம் முழுக்க பல வீடுகளில் மீன் கிடையாது. கடைசி ஐந்து நாட்களில் கொக்குகூட மீனைத் தொடாது என்பது ஒடியர் வழக்கு. பௌர்ணமி விடியலில், வாழைப்பட்டையிலும் சோலாத் தக்கையிலும் செய்த சின்னப் படகுகளில் விளக்கேற்றித் தண்ணீரில் விடுகிறார்கள். ஜாவா, பாலி என்று கடல் கடந்து வாணிபம் செய்யப்போன கலிங்கத்து வணிகர்களின் நினைவு. அந்த விடியலில் எழுந்து வருகிற விருந்தாளிக்கு, ஊர் முழுக்கத் தன்னோடு கடலைப் பார்த்து நிற்கும் அபூர்வமான காட்சி கிடைக்கும்.

இந்த ஊரின் நேரத்தை மாற்றப் பெரியவர்களே முயன்று தோற்றிருக்கிறார்கள். பூரிக்கு வந்த ராமானுஜர், கோயிலின் வழிபாட்டைப் பாஞ்சராத்திர முறைக்கு மாற்ற நினைத்தாராம். ஜெகந்நாதருக்குத் தன் பழைய சேவகர்களின் முறையே போதும் என்று தோன்றியது. ராமானுஜர் இரவில் தூங்கினார். காலையில் கண் விழித்தபோது பல காத தூரம் தெற்கே ஸ்ரீகூர்மத்தில் இருந்தார் என்கிறது வைணவ மரபு. அவரைத் தூக்கிப் போனது கருடன். கதை எப்படியோ, அவர் பெயரில் ஒரு மடம் பூரியில் நிலைத்தது. எமார் மடம். ‘எம்பெருமானார்’ என்ற தமிழ்ச் சொல் ஒடிய நாக்கில் தேய்ந்து ‘எமார்’ ஆனது.

கோயிலின் சிங்க வாசலுக்கு எதிரே நின்ற அந்த மடத்தை 2019இல் இடித்தார்கள். பாதுகாப்புக்காகவும் நெரிசலைக் குறைக்கவும் கோயில் மதிலிலிருந்து 75 மீட்டர் தூரத்துக்கு எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது என்பது மாநில அரசின் முடிவு. வேறு சில மடங்களும் கடைகளும் வீடுகளும் சேர்ந்து போயின. எமார் மடத்து ரகுநந்தன் நூலகமும் போனது. பிற மதத்தவருக்குக் கோயிலுக்குள் அனுமதி இல்லாததால், பல தலைமுறை வெளிநாட்டுப் பயணிகள் கோயிலைப் பார்த்தது அந்த நூலகத்து மொட்டைமாடியிலிருந்துதான். 2024 ஜனவரி 17ஆம் தேதி புதிய பாதை திறக்கப்பட்டது. மதிலைச் சுற்றி அகலமான கல் தளம், புல்வெளி, உட்காரும் இடம், கழிப்பறை. கூட்டத்தில் நசுங்கிய பக்தர்களுக்கு இது பெரிய நிம்மதி. கோயில் முன்னெப்போதும் இல்லாதபடி முழுசாகத் தெரிகிறது. இழப்பீடும் தரப்பட்டது. ஆனால் வாசலில் உட்கார்ந்து கோயில் மணியைக் கேட்டே நேரம் சொன்னவர்கள் இப்போது ஊரின் வேறு மூலைகளில் இருக்கிறார்கள். மகாபிரசாதம் வாங்க ஆள் அனுப்பும் தூரமும் கூடிவிட்டது.

கடல் பக்கத்திலும் கணக்கு நேராகவில்லை. ஜெகந்நாதரின் திருவுருவம் செய்யப்பட்ட மரம் மிதந்து வந்து கரையொதுங்கிய இடம் என்று ஊர் சொல்வது பாங்கி முகானாவை. பல வருஷங்களாக ஊர்ச் சாக்கடை கடலில் கலந்ததும் அதே இடத்தில்தான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை புகார் போனது. மறுபுறம், 2020இல் இதே கடற்கரையின் ஒரு பகுதி ‘நீலக் கொடி’ சான்றிதழ் வாங்கியது. சுத்தமான மணல், குளியலறை, சோதிக்கப்பட்ட தண்ணீர். கரை ஒன்றுதான், கவனம்தான் பங்கு போட்டுத் தரப்படுகிறது. உள்ளூர்க்காரர் முகத்துவாரத்தின் பக்கம் குளிப்பதில்லை. வெளியூர்க்காரருக்கு அதைச் சொல்ல ஒரு பலகைகூட வேண்டாம், அவரைப் பார்த்து எந்தப் பக்கம் போகிறார் என்று கவனித்தாலே போதும்.

யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்பதைக் கடலே ஒருமுறை பிரித்துக் காட்டியது. 2019 மே 3ஆம் தேதி ஃபனி புயல் பூரி அருகே மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் கரை கடந்தது. அதற்கு முன்பே சுற்றுலாப் பயணிகளைச் சிறப்பு ரயில்கள் விட்டு ஊருக்கு அனுப்பினார்கள். மாநிலம் முழுவதும் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1999 புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்த மாநிலத்தில் இம்முறை சாவு நூறைத் தொடவில்லை. உயிர் தப்பியது. ஆனால் பெண்டகோட்டாவின் வீடுகளும் படகுகளும் சிதைந்தன. கோனார்க் சாலையின் சவுக்குத் தோப்பு படுத்துவிட்டது. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஜன்னலில் கடல் தெரிகிறதா என்று கேட்க அப்போது யாரும் இல்லை. மணலைக் கூட்டி, ஓட்டை மாற்றி, வலையைத் தைத்து, அடுத்த ரயில் வருவதற்குள் பூரியை மறுபடியும் பூரியாக்கி வைத்தவர்கள் அங்கேயே வசிப்பவர்கள்தான்.

அறை எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடல் தெரியும் ஜன்னலுக்குக் கூடுதல் வாடகை தருகிறார்கள். உண்மையில் பூரியில் விலை மதிப்புள்ளது ஜன்னல் அல்ல, நேரம். விடியலில் முழங்கால் ஆழம், நோலியா கைகாட்டும் பக்கம். மதியம் பழையதும் பாயும். கொடி மாறும் நேரத்தில் ஒரு மொட்டைமாடி. இருட்டிய பிறகு மணல். இவற்றுக்கு வாடகை கிடையாது. ஆனால் இவை இருக்க வேண்டுமானால் அந்த நோலியாவின் குடிசையும், அந்த மொட்டைமாடியும், மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும் அந்த மனிதரும் ஊருக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றாக அவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஹோட்டல் கட்டினால், மிச்சம் இருப்பது வெயிலும் உப்புத் தண்ணீரும்தான். அது கொல்கத்தாவுக்கு இன்னும் பக்கத்திலேயே கிடைக்கும்.

இரவு எட்டு மணி. ஹௌரா ரயிலைப் பிடிக்கக் குடும்பங்கள் காஜா பெட்டிகளோடு நிலையத்துக்குக் கிளம்புகின்றன. தோல் உரிந்த தோள்களில் பவுடர். பையன் தூங்கிவிட்டான். ரப்பர் மிதவையில் காற்று இறங்கிவிட்டது. கடற்கரைச் சாலையில் ஆட்டோக்களின் இரைச்சல் மெல்லக் குறைகிறது. கடையைச் சாத்திய ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்குகிறார். இப்போதுதான் காற்று நன்றாக வருகிறது.